நிச்சயத்துக்கு வந்த ஆரன்

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேர். நாலு என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் கொழுந்தனார் பெற்றது. (வீட்டுக்காரரையும் நான்தான் வளர்த்தேன். அவரையும் சேர்த்தால் ஏழு. ஆனால் அவர் இன்னும் ஆளாகவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.)

எனக்கு என் பெயரை எழுத வரும். மற்றதையெல்லாம் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ராசிபுரத்தை நான் கூட்டி முடிப்பதற்குள் பஸ் ராசிபுரமே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் பழக்கவழக்கம் என்று வந்தால் என்னிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் விளக்கை அணைக்க மாட்டோம், குளிர வைப்போம். அரிசி இல்லை என்று சொல்ல மாட்டோம், அரிசி வாங்கணும் என்போம். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் மறந்துவிட்டோம், காணோம், திரும்பு என்கிற பேச்சுக்கே இடம் கிடையாது. இப்போது செல்போனில் யார் யாரோ வந்து நல்லதையே நினையுங்கள், நல்லதையே பேசுங்கள் என்று சொல்கிறார்கள். பேத்திகள் அதை எனக்கே போட்டுக் காட்டி, "பாருங்க ஆயா, எவ்வளவு நல்லா சொல்றாங்க" என்கிறார்கள். இதையேதான் நான் இத்தனை வருஷமாகச் சொல்கிறேன். அப்போதெல்லாம் கெழவிக்கு வேற வேலை இல்லை என்றார்கள்.

அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிப் பன்னீர்ச் செம்பு உண்டு. என் மாமியார் தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. குண்டு வயிறும் நீளக் கழுத்துமாக, வாத்து நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கு நிச்சயத்தன்று முதல் பன்னீரை அதிலிருந்துதான் தெளிப்போம். தெளிப்பவள் வீட்டில் மூத்தவள். மாமியாருக்குப் பிறகு நான். வெளியில் எடுக்கும்போதெல்லாம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். மாமியார் இருந்தவரை அவரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. போன பிறகுதான் அந்த மரியாதை.

வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அவருக்கும் ஒரு பொக்கிஷம் உண்டு. அவர் முதன்முதலில் ஓட்டின லாரியின் ஆரன். அந்தக் காலத்து ஆரன். ஒரு பக்கம் பித்தளைக் குழல், மறு பக்கம் பந்து மாதிரி கறுப்பு ரப்பர், அமுக்கினால் பாம் என்று கத்தும். லாரி எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது, ஆரனை மட்டும் கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். தினமும் காலையில் காப்பி குடித்ததும் அதற்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். என் தலைக்கு அவர் ஒரு நாள் எண்ணெய் வைத்ததில்லை.

ஒரு பழைய வேட்டியை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியில் நான் செம்பைச் சுற்றி வைத்தேன். மறு பாதியை அவர் எடுத்துக்கொண்டு போய் ஆரனைச் சுற்றினார். இரண்டும் ஒரே பீரோவில், ஒரே தட்டில். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொல்வேன்.

என் பேரன் கார்த்திக்குப் பெண் கிடைக்கவில்லை. மூத்த மகன் முருகேசனின் பையன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, பார்க்கவும் லட்சணம். (தலையில் மட்டும் முன்பக்கம் கொஞ்சம் வெளிச்சம்.) எங்கள் பக்கத்தில் இப்போது பையனைப் பெற்றவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. பெண் வீட்டார் பெங்களூர் மாப்பிள்ளை கேட்கிறார்கள். கார்த்தியின் ஜாதகம் எடப்பாடி வரைக்கும் போய் ஓரம் கிழிந்து வந்தது. முப்பத்துநாலு வயதில் அவன் கல்யாணப் பேச்சு வந்தாலே எழுந்து மாட்டுக்குத் தீனி போடப் போய்விடுவான். மாடு கொழுத்தது, அவன் இளைத்தான்.

கடைசியில் மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு இடம் அமைந்தது. பெண் பெயர் தாரணி. பி.காம். படித்தவள். பார்த்த அன்றைக்கே அவளுக்கு இவனைப் பிடித்துவிட்டது. இவனுக்கோ அன்றிலிருந்து மாட்டு ஞாபகமே இல்லை. பெண்ணின் அப்பா சாது. அந்த வீட்டில் பேச்செல்லாம் அவளுடைய பெரியப்பாவுடையது. நல்ல மனிதர்தான், ஆனால் சகுனம் என்றால் உயிர். இதற்கு முன்னால் அவளுக்கு வந்த ஒரு சம்பந்தத்தில், தட்டு மாற்றுகிற நேரத்துக்குக் கரண்ட் போய்விட்டதாம். மனிதர் தட்டைக் கீழே வைத்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டார். இதை எங்களுக்குச் சொன்னது தரகர். இந்த இடமும் போனால் கார்த்தி இனி யார் வீட்டுப் படியும் ஏற மாட்டான்.

ஆகவே நிச்சயத்தன்று எங்கள் வீட்டில் என் ராஜ்ஜியம். கெட்ட வார்த்தை மட்டுமில்லை, சந்தேகமான வார்த்தைகூட யார் வாயிலிருந்தும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பீரோவைத் திறந்து, வேட்டித் துணி மூட்டையை எடுத்துப் பையில் வைத்து, அதன் மேல் பூவைப் போட்டேன். குண்டாகவும் இருந்தது, நீளமாகவும் இருந்தது. வேறென்ன பார்க்க வேண்டும்?

வேன் ஊர் எல்லை தாண்டியிருக்காது. பை வீட்டுக்காரரின் காலடியில் இருந்தது. குனிந்து பார்த்தார். துணி விலகின இடத்தில் பித்தளை பளபளத்திருக்கிறது. அவருக்குத் தெரியாதா, தினமும் எண்ணெய் போடுகிற பொருள்.

"இந்தா புள்ள, அந்தப் பையில..."

"எல்லாம் இருக்குதுங்க. நாந்தான் வெச்சேன்."

"வெச்சே சரி. என்னத்த வெச்சே?"

"நல்ல காரியத்துக்குப் போறப்பக் கேள்வி கேக்கப்படாதுங்க."

சீட்டை விட்டு எழுந்தார். பிறகு முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மகனிடம் போனார்.

"முருகேசா, வண்டியச் சித்த ஓரங்கட்டறயா? ஒரு எட்டு ஊட்டுக்குத் திரும்பிப் போயி..."

"கெளம்புன வண்டியத் திருப்பறதா? என்ன பேச்சுங்க பேசறீங்க?" என்றேன். "செல்வி, உங்க மாமனாருக்கு ஒரு வாழப்பழத்தக் குடு. வாயி சும்மா இருக்கறதாலதான் இப்படி."

மருமகள் செல்வி ஒரு பழத்தை உரித்தே கொடுத்தாள். மாமனாருக்கு அவ்வளவு மரியாதை. அவர் தின்று முடித்தார். தோலை ஜன்னல் வழியாகப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"அப்ப நல்லதே பேசறேன். நம்ம ஆரன் எங்கயும் போகாம நம்ம கூடயே இருக்குது."

"பாரு செல்வி, பேரனுக்கு நிச்சயம், இவருக்கு ஆரன் நெனப்பு" என்றேன். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் எதற்குச் சிரித்தார் என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். மல்லசமுத்திரம் வரும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி மரவள்ளிக்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெண் வீட்டில் கூடம் நிறைய ஜனம். நடுவில் ஜமக்காளம், தட்டு வரிசை. பெரியப்பா வெள்ளைச் சட்டையில், கையில் காப்பி டம்ளரோடு, மேலே காற்றாடி ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தாரணியைக் கொண்டுவந்து பலகையில் உட்கார வைத்தார்கள். நான் எழுந்தேன்.

பேசாமல் தெளித்திருக்கலாம். எனக்குத்தான் பெருமை பொங்கி வழிகிறதே.

"இது எங்க மாமியாரு கொண்டுவந்த பொருளுங்க" என்று ஆரம்பித்தேன். "எங்க ஊட்டுக்கு வந்த பொண்ணுக அத்தன பேருக்கும் இதுலதான் மொதப் பன்னீரு. இந்த மாதிரி ஒன்ன நீங்க வேற எந்த ஊட்லயும் பாத்திருக்க மாட்டீங்க."

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் பலித்தது.

மாமியாரை மனதில் நினைத்து, கண்ணை மூடி, மூட்டையை இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றுப் பக்கத்தைக் கண்ணில் அழுத்தி ஒற்றினேன். மெத்தென்று இருந்தது. வெள்ளி எப்போதிருந்து மெத்தென்று ஆனது என்று நினைப்பதற்குள், பாம்.

மாமியார்தான் குரல் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். (அவர் குரலும் ஏறக்குறைய அப்படித்தான்.) பயத்தில் மூட்டையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். மறுபடியும் பாம்.

அந்தத் தெருவில் ஐஸ் விற்பவர் சைக்கிளில் இதே மாதிரி ஆரன் அடித்துக்கொண்டு வருவாராம். அவ்வளவுதான், கூடத்தில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் "ஐஸு, ஐஸு" என்று வாசலுக்கு ஓடினார்கள். ஒரு அம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். கொல்லையில் மாடு கத்தியது. பெரியப்பாவின் காப்பி டம்ளரில் இல்லை, சட்டையில் இருந்தது.

நான் துணியை விலக்கினேன். கறுப்பு ரப்பர் என்னைப் பார்த்தது.

"ஆயா" என்றான் கார்த்தி. அவன் முகத்தைப் பார்த்ததும் என் பெருமையெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. இத்தனை வருஷம் எல்லோர் வாயையும் கட்டி, கடைசியில் என் கையாலேயே பிள்ளையின் வாழ்க்கையில் ஆரன் அடித்துவிட்டேன்.

வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சுமா சொல்லாம வந்தீங்க?"

"சொன்னேன். பழம் குடுத்தே" என்றார்.

பெரியப்பா சட்டையைத் துடைக்கவில்லை. தட்டைப் பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இது என்னங்க சகுனம்?"

அப்போது பலகையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த தாரணியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். மை வேறு கரைந்துவிட்டது.

"அம்மிணி, பேசாமப் பொட்டாட்ட இரு" என்றார் பெரியப்பா. "பெரியவங்க பேசறாங்கல்ல."

"இருக்கறனுங்க பெரீப்பா. ஒன்னே ஒன்னு கேக்கட்டுங்களா?" என்றாள். "பல்லி கத்துனா இன்ன பலன்னு சொல்லுவீங்க. பூன குறுக்க போனா இன்னதும்பீங்க. ஆரன் அடிச்சா என்னன்னு எங்கயாச்சும் சொல்லியிருக்குதுங்களா?"

பெரியப்பா யோசித்தார். நேர்மையான மனிதர் என்று அப்போதுதான் புரிந்தது. இல்லாத சாஸ்திரத்தை இருப்பதாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவரும் தலையை ஆட்டினார்.

"ஆரனுக்கு ஒன்னும் சொல்லலீங்க" என்றார் கடைசியில்.

எனக்குப் பாதி உயிர் வந்தது. உடனே அவர் விரலைத் தூக்கினார். அந்தப் பாதியும் போனது.

"ஆனா ரெண்டு தடவ அடிச்சுப் போட்டீங்க. நல்ல காரியத்துல எதையும் ரெட்டப்படைல நிறுத்தப்படாது. பழமுன்னாலும் மொய்யின்னாலும் ஒத்தப்படைலதான் முடியோணும். இதுவும் அப்படித்தான்."

"அப்படீன்னா?" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னொன்னு அடிச்சு முடிங்க. அப்பறம் தட்டு மாத்தலாம்."

நான் அடிக்கட்டுமா என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்காரர் ஆரனைக் கையில் வாங்கி, என்னவோ குலதெய்வத்தைக் கொடுக்கிற மாதிரி தாரணியிடம் கொடுத்தார். அவள் வளையல் குலுங்க ரப்பரை அமுக்கினாள். அதுவரை அது அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வாசலில் ஏமாந்து நின்றிருந்த பிள்ளைகள் மறுபடி தெருவுக்கு ஓடினார்கள். பெரியப்பா எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு வந்து தட்டை எடுத்தார். கார்த்தி அப்போதுதான் மூச்சு விட்டான். பன்னீரைப் பித்தளைச் சொம்பில் ஊற்றிக் கையாலேயே தெளித்தேன். அது போதுமாக இருந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்த நிச்சயம் என்றாலும் வெள்ளிச் செம்பை யாரும் கேட்பதில்லை. "ஆயா, ஆரனக் கொண்டாங்க, மூணு தடவ அடிக்கோணும்" என்கிறார்கள். போன ஆவணியில் பெரியப்பாவே தன் மகள் நிச்சயத்துக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு போனார். வீட்டுக்காரருக்கு இப்போது நடையே வேறு. எனக்கு இருக்கிற மரியாதை இதுதான்: கோயிலில் ஐயர் தீபாராதனைத் தட்டை நீட்ட, நான் கையைக் கண்ணில் ஒற்றப் போனால் போதும், பின்னால் நிற்கிற என் குடும்பம் மொத்தமும் காதைப் பொத்திக்கொள்கிறது. கார்த்தியின் மூன்று வயதுப் பெண்ணுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனையும் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருப்பவள் அந்தத் தாரணிதான். ஊர் அவளைப் பேரன் பெண்டாட்டி என்று சொல்லும், எனக்கு அவள் பேத்தி. கையெழுத்து அழகா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் நிறுத்தி மூச்சு வாங்கும்போதும் அவள் பேனா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

ஏஞ்சாமி, போதும், பேனாவக் கீழ வெய்யி. மொதல்ல இருந்து வாசி. நாஞ் சொன்னது எது, நீயாச் சேத்துனது எதுன்னு கேட்டுப் பாக்கறேன்.