மணப்பெண் காரில் அனல் காற்று

பொறாமைப்படுவதற்கு உலகத்தில் ஆள் பஞ்சமே இல்லை. ஆனால் ஒழுங்காக, வயிறெரிந்து, தூக்கம் கெட்டுப் பொறாமைப்பட வேண்டுமென்றால் சகலையைப் போல ஒருவர் கிடைக்கமாட்டார். என் சகலை குணா என்னைவிட வயதில் சின்னவன், முடி அதிகம். (சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.) அதைவிடப் பெரிய அநியாயம், ஆள் நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருப்பேன்.

மாமனார் வீட்டில் மூன்று பெண்கள். மூத்தவள் மாலா எனக்கு, அடுத்தவள் குணாவுக்கு. கடைக்குட்டி தேவிக்குக் கிள்ளானில் கல்யாணம் என்று முடிவானதும், பெண்ணை மண்டபத்துக்கு யார் காரில் ஏற்றிப் போவது என்ற பேச்சு வந்தது. எல்லார் கண்ணும் குணாவின் புதுக் காரின் மேல்தான் போயிற்று. எனக்குத் தாங்கவில்லை.

“மூத்த மாப்பிள்ளை நான் இருக்கேன்ல மாமா? என் காடிலதான் பொண்ணு போகணும்.”

மாமனார் தலையாட்டினார். குணாவோ, “அதானே முறை, அண்ணனே ஓட்டட்டும்” என்று சிரித்தான். (அந்தச் சிரிப்பு இருக்கிறதே!)

ஒரே சிக்கல், என் காரில் ஏசி சூடாக ஊதிக்கொண்டிருந்தது.

“ஓடுறப்ப ஜில்லுனுதாங்க இருக்கு. சிக்னல்ல நின்னாத்தான் சூடா வருது” என்றாள் மாலா.

“காடியப் பத்தி உனக்கு என்னா தெரியும்?” என்று அவள் வாயை அடைத்தேன்.

வர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கலாம். ஆனால் அதற்குள் குணா போன் செய்து, “மேருவுல எனக்குத் தெரிஞ்ச வர்க்‌ஷாப் ஒண்ணு இருக்குண்ணே, சொல்லி வைக்கட்டா?” என்று கேட்டுவிட்டான். அவனுக்குத் தெரிந்த இடத்தில் ஏசியைச் சரிசெய்தால் பேர் யாருக்குப் போகும்? அந்த நொடியே நான் மெக்கானிக் ஆகிவிட்டேன்.

கேஸ் குறைந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, கடையில் கேஸ் டின் வாங்கி, போனில் வீடியோ பார்த்தபடி நிரப்பினேன். கொஞ்சம் போதும் என்றுதான் வீடியோவில் சொன்னார்கள். பெண் போகிற காராச்சே, கஞ்சத்தனம் கூடாது என்று இன்னொரு டின்னையும் ஏற்றினேன். பிறகு பந்திங் வரை ஓட்டிப் பார்த்தேன். காலி ரோடு, இரு பக்கமும் செம்பனைத் தோட்டம். ஏசி கேமரன் மலை மாதிரி வீசியது. வழியெல்லாம் குணாவை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

கல்யாணத்தன்று சாயங்கால முகூர்த்தம். பிரிக்ஃபீல்ட்ஸில் அலங்காரம் முடித்துத் தேவி என் காரின் பின் சீட்டில் ஏறினாள். பக்கத்தில் என் மாமியார், முன்னால் மாலா. எங்களுக்குப் பின்னால் குணாவின் கார், அதில் அவன் மனைவியும் வீடியோக்காரரும். ஃபெடரல் ஹைவேயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் டிராஃபிக் ஜேம். கார் நின்றது. மேற்கு வெயில் நேராக முகத்தில். ஏசியிலிருந்து வந்தது இட்லிக் குண்டானைத் திறந்த ஆவி.

“அத்தான், ஏசி போடுங்க அத்தான்.”

“போட்டுத்தாம்மா இருக்கு.”

கண்ணாடியில் பார்த்தேன். தேவியின் மேக்கப் நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அழுதால் இன்னும் கெடும் என்று அடக்கப் பார்த்து, அதிலேயே அழுதுவிட்டாள். காரை ஓரங்கட்டினேன். குணா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“தேவி என் காடில ஏறிக்கட்டும்ணே.”

எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் மாமியார் கையை உயர்த்தினார். “மாலை கட்டின காடி, பொண்ணு ஏறி உட்காந்தாச்சு. பாதி வழில மாறக்கூடாது லா!”

அந்த அம்மாவைக் கும்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

குணா பானெட்டைத் திறந்து குனிந்தான். “ஏசி ஃபேன் சுத்தவே இல்லண்ணே. ஓடுறப்ப வெளிக்காத்து பட்டு ஆறிடும், நின்னா சூடுதான். கேஸ் வேற ரொம்ப ஏத்திட்டீங்களா?”

மாலா என்னைப் பார்த்தாள். (அந்தப் பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.) குணா தன் காரிலிருந்து ஒரு பெட்டி மினரல் வாட்டரைத் தூக்கி வந்து, முன்னால் கொதித்துக்கொண்டிருந்த ஏசிக் குழாய்களின் மேல் ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது; உள்ளே காற்று குளிர்ந்தது.

“குணா அத்தான், நீங்க தெய்வம்!” என்றாள் தேவி.

கிள்ளான் வரை இதே கூத்து. குணாவின் மனைவி அவன் காரை ஓட்டினாள். ஜேமில் நின்றபோதெல்லாம் அவன் பாட்டிலோடு ஓடி வருவான். நான் பானெட்டைத் தூக்கிப் பிடிப்பேன், அவன் அபிஷேகம் செய்வான். வீடியோக்காரர் ஒன்றையும் விடாமல் எடுத்தார்.

முகூர்த்தம் தப்பவில்லை. மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டார் குணாவைக் கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். வேட்டியெல்லாம் கரியாக நின்ற என் தோளில் மாப்பிள்ளையின் சித்தப்பா தட்டினார்.

“டிரைவர் தம்பி, காடிய அந்தப் பக்கம் போட்டுட்டுச் சாப்பிடப் போங்க. பாவம், ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க.”

மாமியார் பக்கத்தில்தான் நின்றார். திருத்திச் சொல்லவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தேவிக்கு இப்போது ஒரு மகள். தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கல்யாண வீடியோவைப் போட்டுவிடுகிறார்கள். நாதஸ்வரம் முழங்க, குணா தண்ணீர் பாட்டிலோடு ஸ்லோமோஷனில் ஓடி வருகிறான். என்னில் பானெட்டைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும்தான் தெரிகிறது. குழந்தைக்கு நாங்கள் இரண்டு பேருமே பெரியப்பாதான். குழப்பம் வரக்கூடாதென்று பாட்டியிடம் கேட்டு அதுவே பிரித்து வைத்திருக்கிறது. குணா வெறும் பெரியப்பா. நான் டிரைவர் பெரியப்பா.