பதினோரு தட்டும் ஒரு ஃபேக்ஸும்

ஃபேக்ஸ் மெஷின் காகிதத்தை விழுங்கி வெளியே தள்ளிய பிறகுதான் தினேஷ்குமார் அதைப் படித்துப் பார்த்தான்.

“பாய், இதுல அம்பத்தி மூணுன்னு கீது பாய்.”

அப்துல் கனி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். உத்திரமேரூர் பஜார் தெருவில் ஜெராக்ஸ், ஃபேக்ஸ், கம்ப்யூட்டர் சென்டர் எல்லாம் அவர் ஒருவர்தான். சாயங்கால பைத்தான் புரோகிராம் வகுப்புக்கு வாத்தியாரும் அவரே.

“இன்னா அம்பத்தி மூணு?”

“தட்டு பாய். தங்கச்சி நிச்சயத்துக்கு நாங்க வைக்கிறது பதினோரு தட்டுதான்.”

உரக்கடையில் பில் போடும் தினேஷ்குமார் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியலை வைக்கலாம் என்று போன வாரம் படித்திருந்தான். வாலாஜாபாத் சம்பந்தியோ, இரண்டு வீட்டிலும் ஒரே சாமான் வந்து நிற்க வேண்டாம் என்று வரிசைத் தட்டு விவரம் கேட்டிருந்தார். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஃபேக்ஸ் இருக்கிறது, அதற்கு அனுப்பினால் போதும் என்று நம்பரும் கொடுத்திருந்தார். கையால் எழுதினால் ஐந்து நிமிட வேலை. படித்தவன் கையால் எழுதுவானா?

பதினோரு தட்டு, அவற்றுக்குள் ஐம்பத்து மூன்று சாமான் என்று பட்டியலுக்குள் பட்டியலாக அடித்தான். அச்சில் எல்லாம் சதுர அடைப்புக்குறியாக வந்தது. பார்க்க நன்றாக இல்லையே என்று அடைப்புக்குறிகளை நீக்கினான். அவற்றோடு தட்டுகளும் காணாமல் போயின. ‘வரிசைத் தட்டு’ என்ற தலைப்புக்குக் கீழே மஞ்சள் ஒன்று, குங்குமம் இரண்டு என்று வரிக்கொரு எண்ணாக ஐம்பத்து மூன்று வரை இறங்கியிருந்தது. கடைசியில் அவன் பெயர், தெரு, செல் நம்பர், ஞாயிறு காலை ஒன்பது மணி. அதில் மட்டும் ஒரு பிழையும் இல்லை.

செல் அடித்தது.

“வாலாஜாபாத்லேர்ந்து பேசறேன். உங்க லிஸ்ட் வந்துச்சி. அம்பத்தி மூணு தட்டு, கரெக்டா?”

சம்பந்தியின் குரல் இல்லை. மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவாக இருக்கும். தட்டை எண்ணிப் பார்க்க எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா உண்டு. தினேஷ்குமார் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“கவலையே படாதீங்க. ரெண்டு சேத்தே கொணாந்துட்றோம். கொறஞ்சி போச்சின்னு நாளைக்கி ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க.”

பேசியவர் வைத்துவிட்டார்.

“தப்பா அடிச்சிட்டேன்னு திருப்பிப் போன் பண்ணி சொல்லிடுப்பா” என்றார் கனி.

“ஐயோ, போன் மட்டும் வாணாம் பாய்.”

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் பழையசீவரத்து மாப்பிள்ளை வீட்டார் ஏழு தட்டாவது வையுங்கள் என்று கேட்டபோது, “தட்டுல இன்னாங்க கீது?” என்று போனில் சிரித்தவன் இவன்தான். மறுநாள் அந்தச் சம்பந்தம் நின்றது. தங்கச்சி பூஜா மூன்று நாள் சோறு தொடவில்லை. அண்ணனை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்த முறையும் தன்னால் நின்றால் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

“வாயால பேசினாத்தான் வம்பு. புரோகிராம சரி பண்ணி இன்னொண்ணு அனுப்பிட்றேன் பாய்.”

கனி சொல்லிக்கொடுத்தபடி தட்டின் பெயரை ஓரத்திலும், சாமான்களை நாலு இடம் தள்ளி உள்ளேயும் வரச் செய்தான். அச்சு கல்யாணப் பத்திரிகை மாதிரி வந்தது. தாமதித்தால் சித்தப்பா இன்னும் தட்டு சேர்ப்பாரோ என்ற நடுக்கத்தில் உடனே அனுப்பிவிட்டான்.

“அழகாத்தான் கீது. ஆனா நம்பரு தட்டுக்கும் போட்டு, சாமானுக்கும் போட்டுக்கினு போவுதே, ஏம்பா?” என்றார் கனி.

தினேஷ்குமார் கடைசி வரியைப் பார்த்தான். பதினொன்றும் ஐம்பத்து மூன்றும் கூடி அறுபத்து நான்கு என்றிருந்தது. செல் மறுபடி அடித்தது.

“இன்னா தம்பி, ஏறிக்கினே போவுது? அறுவத்தி நாலா? பெரிய எடம் போல கீது. சரி, அறுவத்தி ஆறா கொணாந்துட்றேன்.”

மூன்றாவது முறை திருத்தினான். எதற்குள் எதை வைத்தானோ, ஒவ்வொரு தட்டுக்குக் கீழேயும் ஐம்பத்து மூன்று சாமானும் வந்தன. பதினோரு தரம். பிரிண்டர் கறகறவென்று தாளைக் கக்கிக்கொண்டே போனது. கனி பிளக்கைப் பிடுங்கினார்.

“வூட்டுக்குப் போப்பா. இத்த அனுப்பிச்சா அவங்க லாரிதான் புடிக்கணும்.”

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அப்பா இருசப்பன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அறுவத்தி ஆறா? டேய், நம்ம வூட்ல சோறு துன்ற தட்டே ஆறுதாண்டா கீது!”

“நான் இல்ல நைனா, கம்ப்யூட்டர்தான்...”

“அவங்க அவ்ளோ எடுத்துக்கினு வந்தா, நாம பதினொண்ண வெச்சிக்கினு மூஞ்ச எங்க வெச்சிக்கிறது?” என்றாள் அம்மா ஆதிலட்சுமி. பெண் வீட்டுத் தட்டு குறையக் கூடாது. இரட்டைப்படையும் ஆகாது. ஆக அறுபத்தேழு.

பூஜா கதவருகில் நின்றிருந்தாள். “அண்ணா, இந்த வாட்டியும் நின்னுடுமா?”

தினேஷ்குமார் தட்டு தேடக் கிளம்பினான்.

மூன்று நாள் தெருத் தெருவாக அலைந்தார்கள். எவர்சில்வர், பித்தளை, பஜனைக் கோயில் தாம்பாளம் என்று அறுபத்தேழு சேர்ந்தன. சாமான்தான் சேரவில்லை. நாலு தட்டுச் சாமானை நாற்பதுக்குப் பிரித்தார்கள். ஒரு தட்டில் ஒற்றை ஏலக்காய் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் ஒரு கிராம்பு. அறுபத்தேழாவதில் வைக்க எதுவுமே இல்லாமல் உரக்கடைக் காலண்டரைச் சுருட்டி வைத்தார்கள்.

ஞாயிறு காலை சரியாக ஒன்பது மணிக்குத் தெருமுனையில் ஒரு டெம்போ திரும்பியது. பின்னால் அடுக்கடுக்காகத் தட்டு வெயிலில் மின்னியது. தெருவே வாசலுக்கு வந்து எண்ணத் தொடங்கியது. உள்ளே பூஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

டெம்போவிலிருந்து கட்டம் போட்ட லுங்கியோடு ஒருவர் இறங்கினார். யார் எவர் என்று பார்க்கக்கூட ஆதிலட்சுமிக்குப் பதற்றம் விடவில்லை. மூன்று சுற்று ஆரத்தி சுற்றி நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். வந்தவர் திகைத்து நின்றார்.

இருசப்பன் இரண்டு கையையும் கூப்பினார். “எங்களால முடிஞ்சது இவ்ளோதாங்க. கொற இருந்தா என் பொண்ணு மேல காட்டிடாதீங்க.”

“தட்டு வாடகைக்குக் குடுக்கிறவங்களுக்கு எதுக்குங்க ஆரத்தி எல்லாம் சுத்தறீங்க?” என்றார் வந்தவர். அதே சித்தப்பா குரல். “நான் மஹபூப் பாஷா, வாலாஜாபாத்ல பாத்திர வாடகைக் கடை. எங்க ஃபேக்ஸுக்கு ரெண்டு தபா ஆர்டர் அனுப்பிச்சது நீங்கதானே?”

தினேஷ்குமார் தலையை ஆட்டினான்.

“எங்க பக்கத்து வூட்டுப் பெரியவருதான் பாவம், உத்திரமேரூர்லேர்ந்து லிஸ்ட் வந்துச்சா, பொண்ணு வூட்ல கோவமான்னு தெனம் பயந்துக்கினே கேட்டாரு, எனக்கு வாடகை ஆர்டர்தான் வந்துச்சின்னேன், பதினோரு தட்டோட பின்னால பஸ்சுல வந்துக்கினு கீறாரு, சரி, இந்த அறுவத்தி ஆறு காலித் தட்டையும் எங்க எறக்கறது?”