முன் ஆக்சிலைக் கழற்றுவதா, வேண்டாமா

பொம்மையார்பாளையத்துக் கடற்கரை மணலில் லாரி புதைந்து நின்றது. தாண்டவராயன் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தப் பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்றன.

சீட்டுக்குப் பக்கத்திலிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்து இழுத்தான். பாதியில் சிக்கியது. காலை முட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தபோது 'கட்டக்' என்று சத்தம் வந்தது. லாரி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மணலிலிருந்து மேலேறியது.

அது மிலிட்டரியில் கழித்துவிட்ட வண்டி. எண்பத்து மூன்றாம் வருஷம் ஏலத்தில் எடுத்தான். பின்சக்கரங்களோடு, தேவைப்பட்டால் முன்சக்கரங்களும் இழுக்கும். கம்பியை இழுத்தால் முன் ஆக்சிலுக்குள் ஒரு பல்வளையம் நகர்ந்து முன்சக்கரங்களைச் சேர்த்துவிடும்; தள்ளினால் பிரித்துவிடும். படகு வந்து நிற்கிற இடம் வரைக்கும் மணலில் போகக்கூடிய லாரி அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். மீன்காரப் பெண்கள் கூடைகளை ஏற்றி, தாங்களும் பின்னால் தார்ப்பாய்க் கூண்டுக்குள் ஏறிக்கொள்வார்கள். திண்டிவனத்தில் பாதிப் பேர், விழுப்புரத்தில் மீதிப் பேர் இறங்குவார்கள். லாரி வராவிட்டால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தார் ரோடு வரைக்கும் மணலில் நடக்க வேண்டியதுதான்.

அன்று மத்தியானமே திண்டிவனத்தில் மெக்கானிக் பாண்டுரங்கனிடம் வண்டியை விட்டான்.

"கம்பி சிக்குதுப்பா. பேஜாரு பண்ணுது."

பாண்டுரங்கன் ஆக்சிலைத் திறந்து, துருவைச் சுரண்டி, கை நிறைய கிரீஸ் அப்பினான். "இப்ப இழுத்துப் பாரு. ஒரு விரல் போதும்."

உண்மைதான். கம்பி வழுக்கிக்கொண்டு போனது. சத்தமே இல்லை.

மறுநாள் மணலில் ஒரு விரலால் இழுத்தான். முன்சக்கரங்களும் சுழன்றன. வண்டி ஏறவில்லை.

கூட்டத்தில் மூத்தவளான லூர்துமேரி தார்ப்பாயை விலக்கித் தலையை நீட்டினாள். "இன்னா தம்பி, நிறுத்திட்ட?"

"நான் எங்கக்கா நிறுத்தினேன்? அதுவா நின்னுகினுக்கீது."

சக்கரத்தின் அடியில் பலகை போட்டு, மணலைத் தோண்டி, வண்டியை வெளியே எடுப்பதற்குள் பாதி ஐஸ் கரைந்துவிட்டது.

"முன்சக்கரம் சுத்துச்சா இல்லியா?" என்று கேட்டான் பாண்டுரங்கன்.

"சுத்துச்சு."

"அப்போ ஆக்சிலு சரியாத்தான் சேந்துக்கீது."

"சத்தம் வரலியேப்பா! சத்தம் வந்தாத்தான் ஏறும்."

"சத்தம் வர்றதுக்கு அது இன்னா கோயில் மணியா?"

இருந்தாலும் பாண்டுரங்கனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மணலில் அழுத்தம் கூடும்போது வளையம் நழுவுகிறதோ என்று, கம்பி பின்வாங்காதபடி ஒரு மரக்கட்டையை ஆப்பாக அடித்தான். முன்சக்கரங்கள் சேர்ந்தது சேர்ந்தபடியே நின்றன. விளைவு, தார் ரோட்டில் ஸ்டியரிங் உரல் போலக் கனத்தது. விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் தாண்டவராயனுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. மணலிலோ, வண்டி முன்னைவிட ஆழமாகப் புதைந்தது.

"கடைசியா ஒரு வழிதான் இருக்குது. அந்தப் பல்வளையத்தையே கழட்டி எறிஞ்சிடலாம்" என்றான் பாண்டுரங்கன். "விழுப்புரத்து லேத்துல கெட்டியா ஒரு வளையம் கடைஞ்சி உள்ள போட்டுட்டா, நாலு சக்கரமும் எப்பவும் ஒண்ணாத்தான் இழுக்கும். சேக்கிறது பிரிக்கிறது எதுவும் கெடையாது. கம்பியே தேவையில்ல."

"ஸ்டியரிங்கு?"

"கனமாத்தான் இருக்கும். கஞ்சி குடிச்சிட்டு வா."

தாண்டவராயனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ரோட்டில் அந்தப் பல்வளையம் இருப்பது நல்லது. மணலில் அதை நம்ப முடியவில்லை. கழற்றினால் நம்பலாம், ஆனால் தினமும் கஷ்டம். தேவைப்படும் நேரத்தில் வராத ஒன்றை வைத்துக்கொள்வதா, எப்போதும் இருந்து கஷ்டம் கொடுப்பதைச் சேர்த்துக்கொள்வதா? லாரிக்கு மட்டுமான கேள்வியாக அது அவனுக்குப் படவில்லை.

"வீரம்மா, நீ சொல்லு. எப்பவும் கூடவே இருக்கிறது நல்லதா, வேணும்னும்போது வந்து சேர்றது நல்லதா?"

அவன் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரப்பத்திக் கேக்குறீங்க?"

"முன் ஆக்சிலு."

"எங்கம்மா வந்து பத்து நாளு தங்கிக்கினு இருக்கிறதைத்தான் ஜாடை பேசுறீங்களோன்னு பாத்தேன்."

அதற்குமேல் அந்த வீட்டில் யோசிக்க முடியவில்லை. காலையில் விழுப்புரத்துக்குப் போய் வளையம் கடையச் சொல்லிவிட்டான்.

புது வளையம் பொருத்திய பிறகு லாரி முதல்முதலாகக் கடற்கரைக்கு வந்த அன்று நல்ல மீன்பாடு. கூடைகள் நிறைந்து வழிந்தன. ஏற்றிக் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே வண்டி மணலில் உட்கார்ந்தது. நான்கு பக்கமும் சக்கரங்கள் சுழன்றன. நான்கு பக்கமும் பள்ளம் விழுந்தது. அலை ஏறிக்கொண்டிருந்தது.

பெண்கள் இறங்கிப் பக்கத்தில் வந்தார்கள்.

"யாரும் கைவெக்காதீங்க! தள்ளி நில்லுங்க!" என்று கத்தினான். "நாலு சக்கரமும் இழுக்குது. தானா ஏறும்."

தானாக இறங்கியது. ஆக்சில் மணலைத் தொட்டதும் எஞ்சினை நிறுத்தினான்.

தார் ரோட்டின் ஓரத்தில் சவுரிராயன் தன் புது டெம்போவில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். "அக்கா! கூடையை இங்க கொண்டாந்துடுங்க. ஜல்தி! மீனு கெட்டுடப் போகுது!"

பெண்கள் கூடைகளைத் தலையில் ஏற்றினார்கள். சுடுமணலில் வரிசையாக நடந்தார்கள். தாண்டவராயன் துண்டைச் சும்மாடாகச் சுற்றி, தானும் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனான். மீன்தண்ணீர் காதோரம் வழிந்தது. யாராவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. லாரியை டிராக்டர் வந்துதான் இழுத்தது.

டெம்போ கிளம்பும்போது லூர்துமேரி அவனைக் கூப்பிட்டாள். "தம்பி, இவன் வண்டி மணலுக்கு வராது. தெனம் இப்படி நடந்தா எங்க கழுத்து நிக்காது. பழையபடி செஞ்சிக்கினு வா. இன்னும் ஒருவாட்டி பாக்கலாம்."

பழையபடி! அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். பாண்டுரங்கன் தலையில் அடித்துக்கொண்டாலும், கெட்டி வளையத்தை எடுத்துவிட்டுப் பழைய பல்வளையத்தையே மாட்ட வைத்தான். கிரீஸை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவச் சொன்னான்.

"கழுவினா கரகரன்னு சத்தம் போடுமேடா."

"அதான் வேணும்."

அடுத்த நடையில், கூடைகளும் பெண்களும் ஏறியதும் வண்டியை எடுத்தான். அதே இடம். அதே புதைவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பியை இழுத்தான்.

'கட்டக்!'

லாரி குலுங்கியது. முனகியது. பிறகு எந்தத் தகராறும் இல்லாமல் சரசரவென்று மேலேறி, தார் ரோட்டை எட்டியது. சவுரிராயன் டெம்போவிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

எப்போதும் இந்த இடத்தில் கொஞ்சம் வேகத்தை மட்டும் குறைத்துவிட்டு நேராகப் போய்விடுவான். இன்று சந்தோஷம் தாங்காமல் வண்டியை நிறுத்தி, குதித்து இறங்கிப் பின்பக்கம் ஓடினான்.

"பாத்தீங்களா? மெக்கானிக்குன்னு சொல்லிக்கினு அவன் ஆயிரம் பேசினான். எப்பவும் ஒட்டிக்கினே இருக்கணும்னு இல்லம்மா. வேணும்னும்போது வந்து சேந்து இழுத்தா போதும். அதான் பெரிசு. அந்த வளையம் இருக்கிற வரைக்கும் இந்த வண்டிக்கு இன்னொருத்தர் தயவு தேவையில்ல!"

பெண்கள் கூண்டுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வரைக்கும் மணல். அவர்களில் இளையவளான பூமாலை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் தொற்றி ஏறினாள்.

"நல்ல வேளை, இன்னிக்காவது மறக்காம சத்தம் குடுத்தியேண்ணா. நீ சத்தம் குடுக்காம, எப்ப எறங்கித் தள்றதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"