பிளேனுக்குள் ஏறிய பலாப்பழம்

இலங்கைத் தீவிலேயே தரையை விட்டு ஓரங்குலமும் எழும்பாமல் விமானி ஆன ஒரே மனிதர் எங்கள் முரசுமோட்டைப் ‘பிளேன் அண்ணை’தான். தொழில், தண்ணீர்ப் பம்பு திருத்துவது. மிச்ச நேரமெல்லாம் கொட்டிலுக்குள் மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் வைத்து விமானம் கட்டுவார். “இவருக்குச் சீனி வருத்தமும் இல்லை, பிறஷரும் இல்லை. பிளேன் வருத்தம்” என்பார் மனைவி.

உடலும், இறக்கைகளாக இரண்டு செட்டைகளும் முடிந்த பிறகுதான் ஒரு சின்ன விஷயம் புலப்பட்டது: செட்டைகளைப் பூட்டினால் கொட்டில் கொள்ளாது. வவுனியாவில் ஒரு நண்பர் தன் வெறும் நெல் களஞ்சியத்தைத் தர முன்வந்தார். கொண்டுபோகும் பொறுப்பு என் லொறியின் தலையில் விழுந்தது. என் திறமை ஊரறிந்தது. ஒருமுறை கலியாண வீட்டுக்கு அலுமாரி ஏற்றினேன். அலுமாரியும் அதன் கண்ணாடியும் வேறுவேறாகப் போய்ச் சேர்ந்தன.

உடலை லொறியில் ஏற்றி, செட்டைகளை அதன் பக்கத்தில் முன்விளிம்பு கீழே இருக்கும்படி மெத்தையில் நிறுத்தினோம். நான் வழக்கம்போல லொறியில் ஒரு காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தேன்.

“டேய்! உது நெல்மூட்டை இல்லையடா. இன்னும் ஒரு இழுவை இழுத்தியெண்டால் விறகுதான் ஏத்திக்கொண்டு போவாய்!”

“அப்ப எப்பிடி அண்ணை கட்டுறது?”

“ஆணி பூட்டுற இடத்தில மட்டும். பிள்ளைக்கு ஏணை கட்டுற மாதிரி.”

எங்கள் பக்கத்தில் வவுனியாவுக்கு ஒரு வாகனம் போகிறதென்றால் அது தனியாகப் போகாது. ஊரே பார்சலோடு வந்துவிடும். முருங்கைக்காய், மோர்மிளகாய், அரைமூட்டை அரிசி எல்லாவற்றையும் அண்ணை திருப்பி அனுப்பினார். பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா மட்டும் ஒன்றும் கேட்காமல் நின்றா. அப்போதே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

அண்ணை பின்னால் ஏறிச் செட்டைகளை அணைத்துக்கொண்டார். மாங்குளம் தாண்டமுன்னரே கபினில் டமடமவென்று அடி. நிறுத்தினேன்.

“உள்ளுக்க என்னவோ உருளுதடா!”

விமானி இருக்கும் துவாரத்துக்குள் லைட் அடித்துப் பார்த்தோம். ஒரு முழுப் பலாப்பழம் வால் பக்கம் உருண்டுபோய், உடல் ஒடுங்கும் இடத்தில் சட்டங்களுக்கிடையே இறுகிக் கிடந்தது. அக்காவுக்குப் போன் அடித்தேன்.

“அக்கா, பிளேனுக்குள்ள பிலாப்பழம் வச்சனீங்களோ?”

“ஓம் தம்பி, மகளுக்கு. சீற் சும்மாதானே கிடந்தது!”

அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. இழுத்தால் சட்டம் முறியும். விட்டால் அடுத்த பள்ளத்தில் வாலே பிளக்கும். வருடக்கணக்கான வேலை ஒரு பழத்தின் கையில்.

“கம்பியால குத்தி இழுப்பமோ?” என்றேன்.

“நீ ஒண்டும் இழுக்க வேண்டாம். ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் வாங்கிக்கொண்டு வா.”

முழங்கை வரைக்கும் எண்ணெய் பூசி, கத்தியோடு தலைகீழாக வாலுக்குள் நுழைந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு உள்ளங்கால்கள் மட்டுமே. சுளை சுளையாகப் பழம் வந்தது. வீதியில் கூட்டம் சேர்ந்தது. ஒரு பஸ்கூட நின்றது. பொலிஸ்காரர் ஒருவர் வந்து சிங்களத்தில் ஏதோ விசாரித்தார். விமானத்துக்கும் பலாப்பழத்துக்கும் உள்ள உறவை விளக்க என் சிங்களம் போதாது. நாலு சுளையைக் கையில் வைத்தேன். விசாரணை முடிந்தது.

கடைசியில் வாலுக்குள்ளிருந்து ஒரு கூச்சல்: “ஒரு சட்டமும் முறியேல்லையடா!” தலைமயிர் முழுக்கப் பலாப்பால் ஒட்ட வெளியே வந்து, அந்தக் கோலத்திலேயே என்னைக் கட்டிப்பிடித்தார். என் சட்டையில் ஒட்டிய பால் இன்றுவரை கழுவியும் போகவில்லை.

விமானம் முழுசாக வவுனியா சேர்ந்தது. அக்காவின் மகளுக்குக் கொட்டைகள் போய்ச் சேர்ந்தன.

விமானம் இன்னும் பறக்கவில்லை, அண்ணை எஞ்சின் தேடுகிறார். யுத்த காலத்தில் வானத்தில் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகிய கால்கள் என்னுடையவை. இப்போது முற்றத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்க்கிறேன், அது அண்ணையாக இருக்கக்கூடாதா என்று.