அக்கா ஞாயிற்றுக்கிழமை குதிக்கக் கூடாது

அன்புள்ள அத்தைக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கெஞ்சல். இதை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக மாமாவிடம். மாமா நல்லவர்தான், ஆனால் அவர் கண்ணில் பட்ட எதுவும் சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்துப் படத்தோடு வந்துவிடும். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்ததைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள், மாமா ஒட்ட வைத்துப் படிப்பார்.

நலம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். தரையில் இருக்கிறீர்கள். இங்கே அப்பா நலம், அம்மா நலம் என்று சொல்லிக்கொள்கிறார், அக்கா ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் நலம். அதற்கு மேல் எனக்குத் தெரியாததால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு மேசை விளக்கின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் ஸ்பீக்கரில்தான் நடக்கும். அப்பாவுக்கு மறைவாகப் பேசுவது பிடிக்காது.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிறு அப்பாவின் பாராசூட் கிளப்புக்கு ஆண்டு விழா. அன்றைக்கு அக்காவை விமானத்திலிருந்து தள்ளப் போகிறார்கள். தள்ளுவது என்று சொல்லக் கூடாதாம், குதிப்பது என்று சொல்ல வேண்டுமாம். போன மாதக் கூட்டத்தில் அப்பா மைக்கைப் பிடித்து, "நம்ம கிளப்போட பொண்ணு, பதினெட்டு முடிஞ்ச கையோட, ஆண்டு விழா அன்னைக்கு முதல் ஜம்ப்!" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா அப்போது பின்னால் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தான்தான் அந்தப் பொண்ணு என்று அவளுக்கு டயர் கடை அங்கிள் வந்து கைகுலுக்கிய பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அப்பா அதை, "எடையக் குறைக்கிறா பாரு, பொறுப்பான பொண்ணு" என்கிறார்.

பயிற்சி எங்கள் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. மேசைதான் விமானம். அக்கா அதன் ஓரத்தில் நின்று குதிக்க வேண்டும், அப்பா பக்கத்தில் நின்று "வளை! இடுப்ப முன்னாடி தள்ளு! தலையத் தூக்கு!" என்று கத்துவார். குதித்ததும் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து "சார், என் லைட்டு ஆடுது" என்பார். அப்பா அவரிடம், "உங்களுக்கு ஒரு லைட்டு, எனக்கு ஒரு லட்சியம்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். நேற்று அக்கா கால் மடங்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அம்மா மருந்து போட்டபடியே, "ஏங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்றார். "மேசையில விழுந்தாத்தான் அடிபடும். மேல அடிபட என்ன இருக்கு? வெறும் காத்து" என்றார் அப்பா. கீழே தரை இருக்கிறதே என்று நான் சொன்னேன். "இந்தப் பயந்தாங்கொள்ளிய உள்ள அனுப்பு" என்றார். எனக்கு அப்பா வைத்த பெயர் அதுதான். கிளப்பிலும் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அன்பாக.

அத்தை, நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் இல்லை. எனக்குக் குறிப்பாக ஒரு பையின் மேல்தான் பயம். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். முதுகில் மாட்டும் பைக்குள் இரண்டு பாராசூட் இருக்கும். கீழே இருப்பது மெயின், எப்போதும் விரிவது. அதை யார் வேண்டுமானாலும் மடிக்கலாம், கிளப்பில் பேசிக்கொண்டே மடிப்பார்கள். மேலே இருப்பது ரிசர்வ். மெயின் சிக்கிக்கொண்டால் நெஞ்சுப் பக்கம் இருக்கும் வெள்ளிக் கைப்பிடியை இழுக்க வேண்டும். கைப்பிடியிலிருந்து ஒரு கம்பி முதுகுக்குப் போகிறது, கம்பி முனையில் ஓர் ஊசி, அந்த ஊசிதான் பையை மூடி வைத்திருக்கிறது. ஊசி வெளியே வந்தால் உள்ளே அமுக்கி வைத்த ஸ்பிரிங் தவளை மாதிரி துள்ளும், துணி விரியும். இந்த ரிசர்வை உரிமம் உள்ள ஒருவர்தான் மடிக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து, பார்த்து, மறுபடி மடித்து, சிவப்பு நூல் கட்டி ஈயத்தில் சீல் வைக்க வேண்டும். எங்கள் கிளப்பில் அதைச் செய்தவர் சீல் மாமா. அவர் ஒருமுறை எங்களுக்குக் காட்டுவதற்காகக் கைப்பிடியை இழுத்தார், ஸ்பிரிங் துள்ளிப் போய் பல் டாக்டரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. "மெயின் உங்க கூட்டாளி மாதிரி, எப்ப வேணா கை விட்டுடும். ரிசர்வ் பெத்த தாய் மாதிரி, கூப்பிட்டா வந்துடும்" என்று சொன்னார்.

அந்த சீல் மாமா இப்போது கிளப்பில் இல்லை. கிளப் கூடத்தில் "பாதுகாப்பே முதல்" என்று சுவர் நிறைய எழுதியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்துக்கு நேர் மேலேதான் கூரை ஒழுகும். எழுத்துக்கு நேர் கீழேதான் பைகள் வைக்கும் அலமாரி. மழைக்காலம் முழுக்கப் பைகள் நனைந்தன. சீல் மாமா வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்காமல் ஒருத்தரும் விமானத்தில் ஏறக் கூடாது என்றார். அப்பா, "ஆண்டு விழாவ வச்சுக்கிட்டு வம்பு பண்ணாதீங்க, தேதிதானே தாண்டியிருக்கு, துணி என்ன பாலா, திரிஞ்சு போக?" என்று கேட்டார். கமிட்டி சிரித்தது. சீல் மாமா தன் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அப்பா பாதுகாப்பு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டார்கள். பிறகு பைகளை ஒழுகாத இடத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். ஒழுகாத இடம் என் அறையாம். அக்காவுக்கான பை இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் அதன் மேல் படுத்து, தூங்குவது போல நடிக்கிறேன்.

விமானத்தில் ஏறும் முன் ஒருவர் முதுகை இன்னொருவர் பார்க்க வேண்டும், கிளப்பில் அது கட்டாயம். ஊசி சரியாக இருக்கிறதா, சீல் இருக்கிறதா, வார் முறுக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தோளில் தட்டி "ஓகே" சொல்ல வேண்டும். இப்போது பார்ப்பதை விட்டுவிட்டார்கள், தட்டுவது மட்டும் இருக்கிறது. போன சனிக்கிழமை நான் பள்ளியிலிருந்து நேராக அங்கே போய் வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். பல் டாக்டர் டயர் கடை அங்கிளிடம் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வரிசையாக முதுகுகளைத் தட்டிக்கொண்டு வந்தார். என் முதுகையும் தட்டி, "ஓகே, ரெடி!" என்றார். என் முதுகில் இருந்தது பள்ளிக்கூடப் பை, அத்தை. உள்ளே புவியியல் புத்தகமும் காலி டிபன் டப்பாவும். நான் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்னையும் ஏற்றியிருப்பார்கள். இதை வீட்டில் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஆண்டு விழாவில் நகைச்சுவைத் துணுக்காக அவரே சொல்லப் போகிறாராம்.

அக்காவிடமே பேசினேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "மாட்டேன்னு சொல்லிடேன்" என்றேன்.

"சொல்லலாம்" என்றாள்.

"அப்ப சொல்லு."

"சொன்னா அப்பா என்னைப் பத்தி அத்தனை பேர் முன்னாடி என்ன சொல்வாரு, அதுக்கப்புறம் வீட்டுல எத்தனை நாளைக்கு என்னைப் பாக்காமலே சாப்பிடுவாரு, அதெல்லாம் யோசிச்சுப் பாத்தேன்டி. மேலேருந்து விழுறது சீக்கிரம் முடிஞ்சிடும்."

சொல்லிவிட்டு ஈரத் துண்டை உதறிக் காயப்போட்டாள். காய்ந்த துணிகளை எடுத்து அதே கொடியில் மறுபடியும் போட்டாள். அவளுக்கே அது தெரியவில்லை.

அதனால் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அதற்குத்தான் உங்கள் தயவு வேண்டும். இந்தக் கடிதத்தை முடித்ததும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பையை இழுத்து, அந்த வெள்ளிக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கப் போகிறேன். ரிசர்வ் துள்ளி வெளியே வந்துவிடும். அதைத் திரும்ப மடித்து சீல் வைக்க அப்பாவால் முடியாது, சீல் மாமா வர மாட்டார். அக்காவின் அளவுக்குக் கிளப்பில் வேறு பை இல்லை, மற்றதெல்லாம் டயர் கடை அங்கிள் மாதிரி ஆட்களுக்குத் தைத்தது. ஆகவே அக்கா தரையில் நின்று கைதட்டுவாள். நன்றாக யோசித்துத்தான் செய்கிறேன். கத்திரிக்கோலால் வெட்டினால் அது நாசவேலை. கைப்பிடியை இழுத்தால் அது உபயோகம். ஆபத்தில் இழுக்கத்தானே வைத்திருக்கிறார்கள்? சத்தம் வராமல் இருக்க இரண்டு தலையணையும் போர்வையும் எடுத்து வைத்திருக்கிறேன். ரிசர்வ் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்தக் கிளப்பில் உருப்படியாக வேலை செய்யக்கூடியது அது ஒன்றுதான், மனிதர்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சனிக்கிழமை எதேச்சையாக வருவது போல வாருங்கள். அப்பா என்னைக் கொன்றுகொண்டிருப்பார். ஊரே தலைவரே, தலைவரே என்று கூப்பிடும் அவரை "டேய்" என்று கூப்பிட இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். நீங்கள் டேய் என்றால் அவர் கை தானாகவே பின்னால் கட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். "டேய், சின்னப் பொண்ணு, தெரியாம இழுத்துட்டா, விடுடா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். பிறகு என்னைச் சில நாள் உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பாத்திரம் தேய்ப்பேன். மாமா படிக்கும் பழைய செய்தியை எல்லாம் புதுச் செய்தி மாதிரி கேட்பேன்.

நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் இதைத் தபாலில் போடுகிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று முடிக்க ஆசை. ஆனால் நான் எழுதியதே அவருக்குத் தெரியக் கூடாது என்பதால் நீங்களே மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உயரமான நாற்காலியில்கூட ஏறாதீர்கள்.

வணக்கங்களுடன்,
உங்கள் தம்பியின் இரண்டாவது மகள்,
பயந்தாங்கொள்ளி

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். இழுத்தேன். தலையணையைப் பை மேல் அமுக்கி, அதன் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். சிவப்பு நூல் அறுந்தது, கைப்பிடி சுலபமாக வந்துவிட்டது, கம்பியும் முழுசாக வந்துவிட்டது. ஆனா ஒண்ணும் துள்ளல. தலையணைய எடுத்துப் பாத்தேன். பை மூடினபடியே இருக்கு. கம்பி முனையில ஊசி இல்ல அத்தை. ஊசி அங்கேயே பைக்குள்ள துரு ஏறி உக்காந்திருக்கு, கம்பி மட்டும் அதுலேருந்து கழண்டு என் கையோட வந்துடுச்சு. பையைக் குலுக்கினேன், கவுத்துப் போட்டு உதைச்சேன். திறக்கல. அக்கா வானத்துல இதை இழுத்திருந்தாலும் இப்படித்தான் கையில வந்திருக்கும்.

சனிக்கிழமை வேண்டாம், கிடைச்ச உடனே வாங்க. எனக்காக இல்ல. அப்பா பாத்தா நான்தான் உடைச்சேன்னு சொல்வாரு, எதையாவது வச்சுக் கட்டிடுவாரு, ஞாயித்துக்கிழமை யாராவது வந்து தட்டி ஓகேன்னு சொல்லிடுவாங்க. இல்லன்னா அந்தப் பெரிய பைகள்ல ஒண்ண வாரை இறுக்கி அக்காவுக்கு மாட்டிடுவாரு, அதுவும் அதே அலமாரியில நனைஞ்சதுதான். அதனால கைப்பிடியையும் கம்பியையும் இந்த உறைக்குள்ளயே வைக்கிறேன். சீல் மாமாகிட்ட காட்டுங்க. மாமாகிட்டயும் காட்டுங்க, குழுவுல போடச் சொல்லுங்க, எல்லாரும் பாக்கட்டும், நான் பயந்தாங்கொள்ளின்னு சொன்னவங்க எல்லாரும்

கதவைத் தட்டறாங்க. அக்கா இல்ல, அக்கா தட்டாமத்தான் வருவா. கம்பி நீளமா இருக்கு அத்தை, உறைக்குள்ள மடங்க மாட்டேங்குது,