முகவர் சேவையை நிறுத்த ஒரு நல்ல நாள்

கொடுப்பதைப் பற்றி உலகம் வேண்டிய அளவு பேசிவிட்டது. வாங்கி வைப்பதன் மேன்மையைப் பேசத்தான் ஆளில்லை. மனித நாகரிகத்தின் இந்தப் பெருங்குறையை, மொன்றியலில், ஜான்-டலோன் வீதியில், டெப்பனர் எனப்படும் ஒரு மூலைச் சில்லறைக் கடைக்கு மேலேயுள்ள இரண்டு அறைகளில் இருந்துகொண்டே தீர்த்துவைத்தவர் திருவாளர் உருத்திரமூர்த்தி அவர்கள். வர்த்தகர் சங்கம் அவருக்கு விருது கொடுக்கப்போகிறது. பாராட்டுரை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அவருடைய 'முகவரி மாளிகை'யின் கௌரவ ஆலோசகன் நான். கூட்டத்துக்குப் போவது, ரோல்ஸ் சாப்பிடுவது, தலையாட்டுவது ஆகியவை என் கடமைகள்.

தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். ஒரு கம்பனியைப் பதிவு செய்தால் அதற்கு உத்தியோகபூர்வமாக ஒரு விலாசம் தேவை. அரசாங்கம் எழுதுவதெல்லாம் அந்த விலாசத்துக்குத்தான் வரும். வீட்டு விலாசத்தைக் கொடுக்க விரும்பாதவர்கள் பதிவு முகவர் ஒருவரை வைத்துக்கொள்வார்கள். அவர் கடிதத்தை வாங்கி, உரியவரிடம் சேர்ப்பார். சாதாரண முகவர்கள் இந்த இரண்டு வேலைகளையும் அரைகுறையாகச் செய்து பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஐயா வாங்குவதில் மட்டும் முழு மனதையும் செலுத்தினார்.

அவர் கடிதம் வாங்கும் அழகைப் பார்க்கவேண்டும். கையைக் கழுவுவார். தபால்காரருக்குப் பிரெஞ்சில் 'மெர்சி' என்று நன்றி சொல்வார். கையெழுத்து வைப்பார். பிறகு கடிதம் அலுமாரிக்கு மேலிருக்கும் பிள்ளையாரின் காலடிக்குப் போகும். நல்ல நேரம் வரும்வரை உறையைக் கிழிக்கமாட்டார். பிரெஞ்சில் வரும் கடிதமெல்லாம் கெட்ட செய்தி என்பது அவர் அனுபவத்தில் கண்டது. கெட்ட செய்தியை நல்ல நேரத்தில் திறந்தால் பாதியாகக் குறையும் என்பது ஆராய்ந்து கண்டது. பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தில் அச்சடித்தது. அதன் சுபநேரங்கள் மொன்றியலில் பெரும்பாலும் மாளிகை பூட்டிக் கிடக்கும்போது வந்தன. அதற்கு ஐயா பொறுப்பில்லை, பூமி சுற்றுவதுதான் பொறுப்பு.

இப்பேர்ப்பட்ட இடத்தை விட்டு விலக ஒருத்திக்கு மனம் வந்தது என்றால் நம்புவீர்களா? பெயர் சிவாஜினி. லாசாலில் நாலு பெண்களை வேலைக்கு வைத்து, இடியப்பமும் பிட்டும் அவித்து, குளிரூட்டிப் பெட்டியில் அடைத்து விற்கிறாள். தொடக்கத்தில் வாடகை வீட்டுக் குசினியில் அவித்தபோது எங்கள் விலாசத்தை எடுத்தவள். இப்போது சொந்தமாக ஒரு சமையற்கூடம், தெருப்பக்கம் ஒரு கதவு, அந்தக் கதவில் கடிதம் போட ஒரு துவாரம் எல்லாம் வந்துவிட்டன. போதாததற்குப் புவாண்ட்-கிளேரில் உள்ள பெரிய கடையொன்று தை மாதத்திலிருந்து அவளுடைய இடியப்பத்தை எடுப்பதாகச் சொல்லியிருந்தது. கம்பனியின் பதிவு ஒழுங்காக இருக்கவேண்டும் என்பது மட்டுமே அவர்களுடைய நிபந்தனை. உணவு அனுமதி பற்றி நகரசபை எழுதிய கடிதம் ஒருமுறை தவணை கடந்தபின் தன் கைக்கு வந்ததை அவள் மறக்கவில்லை. சிறிய விஷயங்களை மனதில் வைத்திருப்பது சிலரின் சுபாவம்.

ஆனாலும் அவள் நல்ல குடும்பத்துப் பிள்ளை. சொல்லாமல் கொள்ளாமல் போகவில்லை. இடியப்பம், சம்பல், சொதி என்று ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு நேரில் வந்தாள். வேறு எந்தச் சாதி மனிதர் ஒரு சேவையை நிறுத்துவதற்குச் சொதி கொண்டுவருவார்கள்?

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இப்ப எங்களுக்கெண்டு ஒரு இடம் இருக்கு. கடிதம் அங்கையே வரட்டும் எண்டு பாக்கிறன். இந்தச் சேவையை நிப்பாட்டுவமோ?"

"தாராளமா நிப்பாட்டலாம் தங்கச்சி," என்றார் ஐயா, பெட்டியைத் திறந்தபடி. "ஆனா இது ஆடி மாதம் எல்லோ?"

அவள் ஆவணியில் வந்தாள். ஆவணி ஒன்றைத் தொடங்குகிற மாதம், அதில் நிறுத்துவது அபசகுனம் என்று விளக்கப்பட்டது. புரட்டாசியில் வந்தாள். அது பிதிர்களின் மாதம். ஐப்பசியில் வந்தபோது ஐயா பஞ்சாங்கத்தையே அவள் முன்னால் விரித்துவைத்தார். கடை திறக்க நாள் இருந்தது. காது குத்த, கிணறு வெட்ட, கப்பலேற, மாடு வாங்க எல்லாவற்றுக்கும் நாள் இருந்தது. முகவர் சேவையை நிறுத்த நாளில்லை. நம் முன்னோர்கள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"நான் என்ன செய்யிறது தங்கச்சி, இதில இல்லையே," என்றார் ஐயா, மிகுந்த வருத்தத்துடன்.

நாலு முறையும் அவள் பெட்டியோடுதான் வந்தாள் என்பதைப் பதிவு செய்கிறேன். நாலு முறையும் ரோல்ஸுக்குப் பதிலாக இடியப்பம் சாப்பிட்டவன் என்ற முறையில் அதன் தரத்துக்கும் நான் சாட்சி.

விஷயம் முற்றியதால் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. புவாண்ட்-கிளேரிலிருந்து சுந்தரராஜன் என்ற 'வாடிக்கையாளர் தக்கவைப்பு நிபுணர்' மடிக்கணினியோடு வந்திறங்கினார். சென்னைக்காரர். சுவரில் படங்கள் காட்டினார். ஒவ்வொரு படத்திலும் ஒரு அம்பு மேலே போனது. எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்பது மரியாதையில்லை.

"சார், கஸ்டமர் போறேன்னு சொல்றது கம்ப்ளெயின்ட் இல்ல. அது ஒரு எமோஷன். நம்மள மிஸ் பண்ணிடுவோமோங்கற பயம். நாம அந்தப் பயத்தை ஹோல்ட் பண்ணணும்."

"அப்ப அவ போகமாட்டாவோ?" என்று கேட்டார் ஐயா.

"போறதுக்குன்னு நம்ம சிஸ்டத்துல பட்டனே வைக்கல சார்."

கைதட்டினோம். 'விலகல்' என்ற சொல்லை மாளிகைக்குள் உச்சரிக்கக்கூடாது, இனி அது 'தற்காலிக மனச்சோர்வு' என்றே வழங்கப்படும் என ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஐயாவின் படம் போட்ட தேநீர்க் கோப்பை ஒன்றைச் சிவாஜினிக்கு அனுப்புவதென்றும் முடிவானது. இந்த முயற்சிக்கு 'மீள்அணைப்புத் திட்டம்' என்று பெயர். வழிமொழிந்தவன் நான்.

கோப்பை போய்ச் சேர்ந்தது. மாளிகையிலிருந்து அவளுக்குக் காலத்தில் போய்ச் சேர்ந்த ஒரே பொருள் அதுதான். அதே நாட்களில் அரசாங்கப் பதிவகத்திலிருந்து அவளுடைய கம்பனிக்கு வந்த கடிதங்கள், கம்பனி ஆண்டுதோறும் தரவேண்டிய விவரத்தை இன்னும் தரவில்லை, தராவிட்டால் பதிவை நீக்குவோம் என்று சொன்னவை, கழுவிய கையால் வாங்கப்பட்டு, பிள்ளையாரின் காலடியில் போன வருடத்துக் கடிதங்களோடு சேர்ந்து நல்ல நேரத்துக்குக் காத்திருந்தன. ஆண்டு விவரத்துக்கான காலம் வந்தால் அறிவிப்போம் என்பது மாளிகையின் வாக்குறுதி. அவள் அதை நம்பியிருந்தாள்.

தை பிறந்தது. புவாண்ட்-கிளேர்க் கடைக்காரர் தொலைபேசி எடுத்து, அப்படியொரு கம்பனியே இல்லையாமே என்று கேட்டார். சிவாஜினி பதறிப்போய்ப் பதிவகத்துக்குத் தொலைபேசி அடித்தாள். மெலனி என்ற அலுவலர் பொறுமையாகத் தேடிப் பார்த்து, பதிவு நீக்கப்பட்டுவிட்டது, திரும்ப எடுக்கலாம், ஆனால் காலம் பிடிக்கும் என்று சொன்னாளாம். விலாசத்தை மாற்ற ஆடியிலிருந்து அலைந்தேன் என்று இவள் அழுதிருக்கிறாள். மெலனிக்கு விளங்கவில்லை. விலாசத்தை நீங்களே கணினியில் மாற்றியிருக்கலாமே, பத்து நிமிட வேலை, அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாமே, ஏன் அந்த மனிதரிடம் போய்க் கேட்டீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

கோயிலில் காண்கிற மனிதர், நாளைக்கு ஒரு கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருக்கப்போகிற மனிதர், அவருடைய முகத்தை முறிக்கக்கூடாது என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னாலும் அது ஒரு காரணமாகுமா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. முகம் முறியாமல் காப்பாற்றப்பட்டது. கடைக்காரர் காத்திருக்கவில்லை, அவளுடைய இடியப்பத்துக்கு ஒதுக்கிய தட்டை வேறொரு கம்பனிக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கடையை நம்பிக் கடனுக்கு வாங்கிய அவிப்பு இயந்திரம் லாசாலில் உறை பிரிக்காமல் நிற்கிறது. நாலு பெண்களும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் அவள் மாளிகைக்கு வந்தாள். கையில் பெட்டி இல்லை. ஐயா அதைத்தான் முதலில் கவனித்தார் என்று நினைக்கிறேன். இருங்கோ என்றார். அவள் இருக்கவில்லை.

"அண்ணை, என்ரை கம்பனி செத்துப்போச்சு. உங்களுக்குத் தெரியுமோ?"

ஐயாவின் முகம் தெளிந்தது. இத்தனை மாதமாகத் தீராமல் கிடந்த ஒரு சிக்கல் தன்பாட்டில் தீர்ந்துபோனவருடைய நிம்மதி அது.

"அப்ப சரி தங்கச்சி. இனி உங்கட பேருக்குக் கடிதம் ஒண்டும் வராது. நீங்கள் கேட்ட மாதிரியே சேவை நிண்டிட்டுது. சாவுக்கு நாள் பாக்கிறேல்லைத்தானே?"

அவள் அவரைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். மெலனி கேட்ட கேள்வியை நீங்களாவது அன்றைக்கு என்னிடம் கேட்டிருக்கலாமே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். "பேந்து வருவா," என்றார் ஐயா. அன்றைக்கும் வந்திருந்த சுந்தரராஜன் தன் கணினியைத் திறந்து, விலகியவர்கள் என்ற கட்டத்தில் பூச்சியத்தை அப்படியே விட்டார். மாளிகையின் கணக்குப்படி அவள் விலகவில்லை.

விருதுப் பலகை நேற்று அச்சகத்திலிருந்து வந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் ஒரு கம்பனிகூட இவரை விட்டு விலகிப் போனதில்லை என்று அதில் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். முழுக்க உண்மை. விலகிப் போவதற்குக் கம்பனி உயிரோடு இருக்கவேண்டும்.