நாற்பத்திரண்டாவது பெட்டி

மூன்றாவது முறை எண்ணியபோதும் நாற்பத்திரண்டுதான் வந்தது. எர்காஷ் ஏணியிலிருந்து இறங்கிப் பட்டியலை இன்னொரு தடவை பார்த்தார். பட்டியலில் நாற்பத்தொரு பெட்டிகள்.

சமர்கண்டில் பழைய சமய ஏடுகளை ஆராயும் அந்தப் பல்கலைக்கழக நிறுவனத்தில் எர்காஷ் பத்தொன்பது வருடமாக ஆவணக் காப்பாளர். ஏடுகளை மற்றவர்கள் ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தவர்களின் கடிதங்கள், குறிப்புகள், விடுப்பு விண்ணப்பங்கள் எல்லாம் கடைசியில் பெட்டியாகி இவரிடம் வந்து சேர்ந்தன. இதுவரை ஒரு தாள்கூடத் தொலைந்ததில்லை என்பது அவருக்குப் பெருமை. ஒன்று கூடிப்போகும் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை.

தலைமை ஆவணத் துறையிலிருந்து தணிக்கைக்கு வந்திருந்த முனவ்வர் பேனாவை மூடினாள்.

"ஒண்ணு கூடுதே, எர்காஷ் அண்ணே."

"கூடத்தானேம்மா செய்யுது. குறையலையே."

"குறைஞ்சா ஒன்பதாம் நம்பர் படிவம் இருக்கு. நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. கூடினா படிவமே கிடையாது."

"படிவம் இல்லன்னா தப்பும் இல்லதானே?"

"படிவம் இல்லன்னா விசாரணை. யாரோடது, எங்கேருந்து வந்துச்சு, வாங்கி வச்சது யாரு. வியாழக்கிழமை வரேன். பதில் வச்சிருங்க."

அவள் போனதும் எர்காஷ் பெட்டியைத் திறந்தார். தாள் தாளாகப் பென்சிலில் நகலெடுத்த, அந்த மண்ணில் எப்போதோ வழக்கொழிந்த சோக்திய மொழி எழுத்து. பெயர் இல்லை, தேதி இல்லை. அவருக்கு அந்த எழுத்தில் ஒரு வரி படிக்கத் தெரியாது. குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருடமாகக் காகிதத்தைக் காத்த கை அதற்கு எழவில்லை.

தாள்களை நாற்பத்தொன்றாம் பெட்டிக்குள் திணித்து, மூடியை முழங்காலால் அழுத்திக் கட்டினார். காலிப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போனார். மனைவி அதில் வெங்காயம் கொட்டிவைத்தாள்.

வியாழக்கிழமை முனவ்வர் எண்ணினாள். நாற்பத்தொன்று. முகம் மலர்ந்தது. பிறகு, சோதித்துப் பார்க்க ஒரு பெட்டியை இறக்கச் சொன்னாள். அத்தனை பெட்டியிலும் மூடி பிதுங்கிக்கொண்டிருந்த பெட்டிதான் அவள் கண்ணில் பட்டது. பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு தாள். அவள் அறுநூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

"முதல்ல பெட்டி கூடிச்சு. இப்ப தாள் கூடுது. ஒளிச்சு வச்சது தனிக் குத்தம், அண்ணே."

அந்த நேரம் பார்த்து இயக்குநர் ஒலிம்ஜோன் தேநீர்க் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். எர்காஷின் வாய் தானாகத் திறந்தது.

"இது ரஹ்மத்துல்லோ ஐயா குடுத்தது. பதிய மறந்துட்டேன்."

நிறுவனத்தைத் தொடங்கிய ரஹ்மத்துல்லோ இறந்து பதினோரு வருடமாகிறது. வந்து மறுக்க மாட்டார்.

இயக்குநர் ஒரு தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "அவரு எழுத்தேதான். பாத்தாலே தெரியுது."

நம்ப ஆசைப்பட்டுவிட்டால் கையெழுத்துகூட ஒத்துப்போய்விடுகிறதே என்று எர்காஷ் வியந்தார்.

"குடுக்கும்போது என்ன சொன்னாரு?"

"பத்திரமா பாத்துக்கன்னாரு."

மறுவாரம் அந்த இரண்டு சொல்லும் பளிங்குக் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தன. விழாவுக்கு நாள் குறித்தார்கள். அமைச்சகத்துக்குக் கடிதம் போனது. மூலப் பெட்டியையும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்றார் இயக்குநர். எர்காஷ் வெங்காயத்தைக் கொட்டிவிட்டு அதைத் திரும்பத் தூக்கிவந்தார். மொழியியல் பேராசிரியர் ஒருவர் அதை முகர்ந்துவிட்டு, அந்தக் காலத்துப் பசையின் மணம் என்றார்.

முனவ்வர் மட்டும் மசியவில்லை. "நன்கொடைன்னா குடும்பத்துலேருந்து கையெழுத்து வேணும்."

எர்காஷ் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு ரஹ்மத்துல்லோவின் மனைவி சோலிஹா வீட்டுக்குப் போனார். எண்பது வயது அம்மாள். வாசலிலேயே நின்று எர்காஷ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"ஐயா எனக்கு எதுவுமே குடுக்கலம்மா. நான் பொய் சொல்லிட்டேன். உண்மையச் சொன்னா வேலை போயிரும். ஓய்வுக்கு மூணு வருஷம்தான் இருக்கு."

சோலிஹா அவரை உட்காரவைத்து, ரொட்டியைப் பிய்த்து வைத்து, தேநீர் ஊற்றினார்.

"அந்தப் பெட்டி எப்படி வந்துச்சுன்னு உனக்கே தெரியாதா?"

"சத்தியமா தெரியாதும்மா."

"எங்க கையெழுத்துப் போடணும்?"

எர்காஷுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெரிய மனுஷியை அவள் புருஷன் பெயரிலேயே பொய்க்கு உடந்தையாக்கிவிட்டோமே என்று அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விழா அமர்க்களமாக நடந்தது. சோலிஹாவின் தோளில் ஜரிகை அங்கி போர்த்தினார்கள். முனவ்வர் எல்லோர் முன்னிலையிலும் நாற்பத்தொன்றை அடித்துவிட்டு நாற்பத்திரண்டு என்று மையில் எழுதினாள். பிலாவ் சோற்றின் வாசனை மண்டபத்துக்குள் வந்தபிறகும் இயக்குநர் பேச்சை நிறுத்தவில்லை.

"ரஹ்மத்துல்லோ ஐயா வீட்டுலேருந்து எது வந்தாலும் இந்த நிறுவனம் இனிமே வேண்டாம்னு சொல்லாது. மேடையில வச்சு எழுதியே தரேன்." எழுதியும் கொடுத்தார். சோலிஹா அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வண்டிவரை எர்காஷ்தான் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். கதவைத் திறந்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்.

"உங்க உதவிய சாகற வரைக்கும் மறக்க மாட்டேம்மா."

"நான்தான் தம்பி உனக்கு நன்றி சொல்லணும்" என்றார் சோலிஹா. "நவ்ருஸ் பண்டிகை அன்னிக்கு நீங்கல்லாம் நிறுவன முற்றத்துல சுமலக் பாயசம் கிண்டிக்கிட்டிருந்தப்ப, வாங்கிக்கறீங்களான்னு பாக்க ஒரே ஒரு பெட்டியத்தான் கொண்டுவந்து வச்சேன், மீதி அறுபத்தேழுக்கு எப்ப லாரி அனுப்பறே?"